வயிற்றில் ஒட்டிய பை ஒழுகுவது ஏன்?

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். அந்த இடத்தைத் துடைத்து உலர்த்துகிறார். உப்புத்தாளால் தேய்க்கிறார். சொல்யூஷனைத் தடவிச் சற்று நேரம் காயவிடுகிறார். அதன் பிறகே ஒட்டுத் துண்டை வைத்து அழுத்துகிறார். இவற்றுள் ஏதாவது ஒரு படியில் அவசரப்பட்டால், அடுத்த தெருவுக்குப் போவதற்குள் காற்று இறங்கிவிடும்.

ஒட்ட வேண்டிய இடம் ரப்பருக்குப் பதிலாக மனிதத் தோலாக இருந்தால் என்ன செய்வது? தோல் வியர்க்கும், உட்கார்ந்தால் மடியும், உப்புத்தாளால் தேய்த்தால் புண்ணாகும். அதில் ஒட்டிய பொருள் நாட்கணக்கில் கசியாமல் இருக்க வேண்டும். வேண்டும்போது தோலைக் காயப்படுத்தாமல் கழன்றும் வர வேண்டும். வயிற்றில் ‘ஸ்டோமா’ வைக்கப்பட்ட நோயாளிகள் அனைவரும் தீர்க்க வேண்டிய கணக்கு இது. இந்தக் கணக்கில் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள இயற்பியல் நிறைய இருக்கிறது.

ஸ்டோமா என்பது என்ன?

இலையின் அடிப்பக்கத்தில் உள்ள நுண்துளைகளை ஸ்டோமேட்டா என்று தாவரவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். ஸ்டோமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘வாய்’ என்று பொருள். மருத்துவர்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குடலில் புற்றுநோய், தீராத அழற்சி, விபத்துக் காயம், டைபாய்டு அல்லது காசநோயால் ஏற்பட்ட துளை போன்ற காரணங்களால் மலம் வழக்கமான வழியில் வெளியேற முடியாத நிலை வரலாம். சில குழந்தைகள் ஆசனவாய் இல்லாமலே பிறப்பதுண்டு. அப்போது அறுவை மருத்துவர் வயிற்றுச் சுவரில் ஒரு துளையிட்டு, குடலின் முனையை அதன் வழியே வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார். சிவந்து, ஈரமாக, உதட்டின் உட்புறம் போல் காணப்படும் அந்த முனைதான் ஸ்டோமா. பெருங்குடலிலிருந்து வைத்தால் கொலாஸ்டமி என்றும், சிறுகுடலின் இறுதிப் பகுதியிலிருந்து வைத்தால் இலியாஸ்டமி என்றும் பெயர். சிலருக்கு இது தற்காலிகம். குடல் ஆறிய சில மாதங்களில் மீண்டும் உள்ளே இணைத்துவிடுவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

ஸ்டோமாவுக்குக் கதவு கிடையாது. ஆசனவாயில் உள்ளதைப் போல விருப்பப்படி மூடித் திறக்கும் தசை வளையம் அங்கே இல்லை. எனவே வெளிவருவதைச் சேகரிக்க ஒரு பை வேண்டும். அந்தப் பையைத் தோலுடன் பிணைப்பது, நடுவில் துளையுள்ள ஓர் ஒட்டும் தகடு. பை ஒழுகுகிறது என்று நோயாளி சொல்லும்போது பெரும்பாலும் பை கிழிந்திருப்பதில்லை. தகட்டுக்கும் தோலுக்கும் இடையில் வழி ஏற்பட்டிருக்கிறது என்றே பொருள்.

கசிந்தால் என்ன ஆகும்?

உடை அழுக்காகும், துர்நாற்றம் வீசும் என்பது வெளியே தெரியும் தொல்லை. தோலுக்கு நேர்வது அதைவிடக் கடுமையானது. சிறுகுடலில் புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. தோலும் புரதத்தால் ஆனதுதானே! நாம் உண்ட பருப்புக்கும் நம் தோலுக்கும் அந்த நொதிகள் வேறுபாடு காண்பதில்லை. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 5. குடல்நீர் படும்போது அந்தப் பாதுகாப்பும் குலைகிறது. தோல் சிவக்கிறது, எரிகிறது, பிறகு நீர் கசிகிறது.

இங்கேதான் ஒரு தீய சுழல் தொடங்குகிறது. புண்ணான தோல் ஈரமாக இருக்கும். ஈரத் தோலில் தகடு ஒட்டாது. ஒட்டாததால் மீண்டும் கசியும். கசிந்ததால் புண் பெரிதாகும். புதிதாக அறுவை செய்துகொண்டவர்களில் சிலர் இந்தச் சுழலில் சிக்கி, வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பிட்டால்தானே ஒழுகும் என்று உணவைக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. உடல் தேற வேண்டிய காலத்தில் இது பெருந்தீங்கு.

ஒட்டுப்பொருளின் வரலாறு

1920களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆல்ஃப்ரெட் ஸ்ட்ராஸ் என்ற அறுவை மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் கோனிக் என்ற வேதியியல் மாணவர் ஒருவர். தம் இலியாஸ்டமிக்காக அவரே ரப்பர் பை ஒன்றை வடிவமைத்து, லேடெக்ஸ் பசையால் தோலில் ஒட்டிக்கொண்டார். நோயாளியே கண்டுபிடிப்பாளரான கதை இது.

1952ஆம் ஆண்டில் இரண்டு முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிரையன் புரூக் என்ற மருத்துவர், குடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். இதனால் ஸ்டோமா தோலுக்கு மேலே ஒரு சிறு குழாய்போல் நீட்டிக்கொண்டு நிற்கும். பால் பாத்திரத்தின் மூக்கு வெளியே நீண்டிருந்தால் பால் பாத்திரத்தின் மேல் வழியாது அல்லவா? அதே தத்துவம்தான். அதே ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவமனையைச் சேர்ந்த ரூபர்ட் டர்ன்புல், கராயா பிசின் தோலைக் காக்கும் என்று கண்டறிந்தார். பொய்ப்பல் செட்டை ஈற்றில் ஒட்ட வைக்கப் பயன்பட்ட பொருள் அது. அந்தப் பிசினைத் தரும் மரம் நம் இந்தியக் காடுகளில் வளர்வது. மத்திய இந்தியாவிலும் ஆந்திரத்திலும் பழங்குடி மக்கள் அதைச் சேகரிக்கிறார்கள்.

1954இல் டென்மார்க் நாட்டுச் செவிலியர் எலிஸ் சோரன்சன், தம் சகோதரி ஸ்டோமா வைத்தபின் கசிவுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பதைக் கண்டு வருந்தினார். ஒட்டும் வளையத்துடன் கூடிய, பயன்படுத்தியபின் எறிந்துவிடத்தக்க பிளாஸ்டிக் பையை அவர் கற்பனை செய்தார். ஆகே லூயி-ஹான்சன் என்ற பிளாஸ்டிக் தொழிலதிபர் அதைத் தயாரித்தார். செவிலியர் பயிற்சி பெற்ற அவருடைய மனைவி யோஹானேதான் அந்த யோசனையின் அருமையை அவருக்கு எடுத்துச் சொன்னவர்.

இன்றைய தகடுகளில் உள்ள பொருளும் வாயில் பிறந்ததுதான். வாய்ப்புண்ணின் மேல் ஒட்டுவதற்கென்று உருவாக்கிய பசையிலிருந்து அது வளர்ந்தது. அதில் பாலி ஐசோபியூட்டிலீன் என்ற ரப்பர் போன்ற பொருளும், அதற்குள் பெக்டின், ஜெலட்டின், கார்பாக்சிமீதைல் செல்லுலோஸ் ஆகியவற்றின் துகள்களும் கலந்திருக்கும். பெக்டின் என்பது பழ ஜாமைக் கெட்டியாக்கும் பொருள். ரப்பர் பகுதி உலர்ந்த தோலைப் பற்றிக்கொள்கிறது. துகள்கள் வியர்வையை உறிஞ்சிக்கொள்கின்றன. ஒரே தகடு இரு வேலைகளையும் செய்கிறது. ஆனால் உறிஞ்சும் திறனுக்கு எல்லை உண்டு. நீரை உறிஞ்சி உறிஞ்சித் தகடு ஊதி, இளகி, உள்விளிம்பிலிருந்து கரையத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு தகட்டுக்கும் ஓர் ஆயுள் உண்டு.

கசிவுக்கு ஐந்து காரணங்கள்

1. துளையின் அளவு. தகட்டின் துளை ஸ்டோமாவைவிடச் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவே பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டோமாவின் விட்டம் 30 மி.மீ. என்றும், துளை 34 மி.மீ. என்றும் கொள்வோம். இடையில் மூடப்படாத தோலின் பரப்பு ஏறத்தாழ 2 சதுர சென்டிமீட்டர். அறுவை முடிந்த முதல் 6 முதல் 8 வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கும். அது 24 மி.மீ. ஆகிவிட்ட பின்னும் பழைய அளவிலேயே துளை வெட்டினால், மூடப்படாத தோல் 4½ சதுர சென்டிமீட்டருக்கும் மேல். விட்டம் 6 மி.மீ. குறைந்ததற்கே ஆபத்துக்குள்ளாகும் பரப்பு இரு மடங்குக்கு மேலாகிவிட்டது! புதிய நோயாளிகள் ஒவ்வொரு முறையும் அளந்து வெட்ட வேண்டும் என்பதன் காரணம் இதுவே. துளையை ஸ்டோமாவோடு ஒட்டி மிகச் சிறிதாக வெட்டுவதும் தவறு. விளிம்பு உரசி ஸ்டோமா காயப்படும். வெளியேறும் நீர் தகட்டுக்கு அடியிலும் தள்ளப்படும்.

2. மடிப்பு. ஒரு தாள் துண்டை ஆரஞ்சுப் பழத்தின் மேல் ஒட்டிப் பாருங்கள். சுருக்கம் விழாமல் ஒட்டவே முடியாது. வயிறும் வளைந்த பரப்புதான். படுத்திருக்கும்போது சமமாகத் தெரியும் வயிறு உட்கார்ந்தவுடன் மடிகிறது. தகட்டின் அடியில் விழும் சுருக்கம் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். ஒரு மெல்லிய இடைவெளி வழியே பாயும் நீரின் அளவு, மற்றவை மாறாதபோது, அந்த இடைவெளியின் உயரத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இடைவெளி இரு மடங்கானால் கசிவு 8 மடங்கு. மூன்று மடங்கானால் 27 மடங்கு. கண்ணுக்குத் தெரியாத சுருக்கம் அரை மணியில் சேலையையோ சட்டையையோ நனைத்துவிடுவதன் மர்மம் இதில் இருக்கிறது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அறுவைக்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்பியதும் கதவருகில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். வீட்டில் ஒழுகாத பை வகுப்பில் மட்டும் ஒழுகியது. ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் அவரைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு நாற்காலியில் அமர்ந்து எழுதுவதுபோல் குனியச் சொன்னார். அப்போதுதான் ஸ்டோமாவின் இடப்பக்கக் கீழ்ப்புறத்தில் ஓர் ஆழமான மடிப்புத் தோன்றியது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, ஒட்டுப்பொருளாலேயே செய்த மென்மையான வளையம் ஒன்றை வைத்தார்கள். அந்தப் பருவத்தின் செய்முறைத் தேர்வை அவர் முன் வரிசையில் நின்று செய்தார். தோலின் மட்டத்திலேயோ அதற்குள் அமிழ்ந்தோ உள்ள ஸ்டோமாவுக்கு, தோலை மெல்ல அழுத்தி ஸ்டோமாவை வெளித்தள்ளும் குவிந்த தகடுகளும் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதைச் செவிலியரோ மருத்துவரோதான் முடிவு செய்ய வேண்டும்.

3. ஈரமும் எண்ணெயும். ஒட்டுதல் என்பது இரு பொருள்களின் மூலக்கூறுகள் மிக நெருங்கி வரும்போது எழும் கவர்ச்சி விசை. தோலில் மேடு பள்ளங்கள் நிறைய உண்டு. பசை சற்றே இளகி அந்தப் பள்ளங்களுக்குள் பாய்ந்தால்தான் மூலக்கூறுகள் நெருங்கும். நடுவில் நீர்ப்படலமோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் பசை அதைத்தான் தொடும், தோலைத் தொடாது. தேங்காய் எண்ணெயும், முகத்துக்குப் பூசும் பவுடரும், கிரீம் கலந்த சோப்பும் நல்லெண்ணத்துடன் தடவப்படுகின்றன. ஆனால் ஒட்டுதலைக் கெடுக்கின்றன. பசை வெப்பத்தில் இளகும் என்பதால், ஒட்டுவதற்கு முன் தகட்டை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடாக்குவதும், ஒட்டியபின் சில நிமிடங்கள் கையால் அழுத்திப் பிடிப்பதும் பயன் தரும்.

4. எடை. 600 மில்லிலிட்டர் நிறைந்த பை ஏறத்தாழ 6 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கும். தகட்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், சராசரித் தகைவு 600 பாஸ்கல்தான். இது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் தகடு ஏன் பெயர்கிறது? ஒட்டுநாடா ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டி, அதன் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. நுனியைத் தூக்கி உரித்துப் பாருங்கள், எளிதில் வந்துவிடும். முதல் முறையில் விசை பரப்பு முழுவதும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. இரண்டாம் முறையில் அது ஒரு மெல்லிய கோட்டில் குவிகிறது. தொங்கும் பை தகட்டின் மேல்விளிம்பை உரிக்கவே முயல்கிறது. ஆகையால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குள் நிரம்பும்போதே காலி செய்துவிட வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நிற்கும்போது நீர்மட்டம் ஸ்டோமாவுக்குக் கீழே இருந்தால் தகட்டின் விளிம்பு நனைவதில்லை. படுத்தால் நீர் பரவி விளிம்பைத் தொடும். எனவே உறங்கப் போகுமுன் காலி செய்வது மிக அவசியம்.

5. காற்று அதிகமாவதும் குறைவதும். குடலில் உண்டாகும் வாயு பையை ஊத வைக்கும். ஊட்டிக்குப் பேருந்தில் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். பாயில் விதிப்படி, கடல்மட்டத்தில் 100 மில்லிலிட்டர் உள்ள வாயு அங்கே ஏறத்தாழ 130 மில்லிலிட்டராகும்; மூடிய பையும் அவ்வாறே உப்பும். வாயு மெல்ல வெளியேறுவதற்காகப் பல பைகளில் செயலூட்டிய கரி வடிகட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கிராம் கரியில் உள்ள நுண்துளைகளின் மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல் இருக்கும். நாற்ற மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. சில சமயம் வடிகட்டி வாயு முழுவதையும் வெளியேற்றிவிட, பையின் இரு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது கெட்டியான மலம் கீழே இறங்க வழியின்றி மேலேயே தேங்கித் தகட்டுக்கு அடியில் புகும். இதற்கு, வடிகட்டியை அதற்கான ஸ்டிக்கரால் மூடிவிட்டு, பையை ஒட்டுமுன் உள்ளே சிறிது காற்று இருக்குமாறு செய்வார்கள்.

பை மாற்றும் முறை

காலையில் ஆகாரத்துக்கு முன் குடல் சற்று அடங்கியிருக்கும். அதுவே ஏற்ற நேரம். வேண்டிய பொருள்கள் அனைத்தையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு:

(அ) பையைக் காலி செய்துவிட்டு, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தகட்டை மேலிருந்து கீழாக மெதுவாக உரிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தோலின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும்.

(ஆ) வெதுவெதுப்பான வெறும் நீரில் நனைத்த மென்துணியால் துடைக்க வேண்டும். துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அங்கே ரத்த நாளங்கள் அதிகம். தொட்டால் வலியும் இராது. வலியை உணரும் நரம்புகள் தோலில் உள்ளதைப் போல் அங்கே இல்லை.

(இ) சுற்றியுள்ள தோலை ஒற்றி ஒற்றி நன்கு உலர்த்த வேண்டும். தோல் ஈரமாகப் புண்பட்டிருந்தால் ஸ்டோமாவுக்கென்றே உள்ள பொடியை மெல்லியதாகத் தூவி, அதிகப்படியானதைத் தட்டிவிட வேண்டும்.

(ஈ) அளந்து, துளை வெட்டி, மடிப்புகளை நிரப்பி, தகட்டைச் சூடாக்கி, ஸ்டோமாவை ஒட்டிய உள்விளிம்பிலிருந்து வெளிப்புறமாக அழுத்தி ஒட்ட வேண்டும்.

கழற்றிய தகட்டை உடனே எறிந்துவிடக் கூடாது. அதைத் திருப்பிப் பார்த்தால் துப்பறிவாளருக்குக் கைரேகை கிடைத்ததுபோல் செய்தி கிடைக்கும். சுற்றிலும் ஒரே சீராகக் கரைந்திருந்தால், துளை பெரிது அல்லது தகட்டின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஒரே திசையில் மட்டும் பழுப்புத் தடம் ஓடியிருந்தால் அங்கே மடிப்பு இருக்கிறது. இன்ன தேதியில் ஒட்டினோம், எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கம் கசிந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் இரண்டு வாரத்தில் காரணம் புலப்படும். உங்கள் செய்முறைக் குறிப்பேடும் இதைத்தானே செய்கிறது!

பொதுவாக ஒரு தகடு 3, 4 நாள் நிற்கும். வெயிலிலும் வியர்வையிலும் அது குறையலாம். நான்காம் நாள் ஒழுகும் என்று தெரிந்தால் மூன்றாம் நாளே மாற்றிவிட வேண்டும். தகடு விலை உயர்ந்த பொருள். இன்னும் ஒரு நாள் ஓட்டலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் புண்ணான தோலில் ஒட்டும் அடுத்த நான்கு தகடுகளும் அன்றன்றே வீணாகும்.

அரிப்போ எரிச்சலோ தோன்றினால் கசிவு உள்ளே தொடங்கிவிட்டது. உடனே மாற்ற வேண்டும். மேலே பிளாஸ்டர் ஒட்டி அடைப்பது, பஞ்சரான டயருக்குத் துணி சுற்றுவது போன்றது. நொதிகளை உள்ளேயே சிறை வைத்தால் அவை தோலைத்தான் தின்னும். வெளியே போகும்போது, வெட்டி வைத்த தகடு, பை, துணி, மூடும் உறை, மாற்றுடை ஆகியவை கொண்ட சிறு பை ஒன்று கையில் இருந்தால் பாதி அச்சம் நீங்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை வைத்துவிட்டால் பசை இளகிக் கெட்டுவிடும்.

ஸ்டோமா கருத்தாலோ, ரத்தம் நில்லாமல் வந்தாலோ, வயிற்று வலியும் வாந்தியுமாகப் பையில் ஒன்றும் வராமல் நின்றாலோ, நீராக மிகுதியாகப் போய் நாவறட்சியும் தலைசுற்றலும் தோன்றினாலோ வீட்டு வைத்தியம் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எத்தனை கவனமாக ஒட்டியும் தொடர்ந்து கசிந்தால் ஸ்டோமா செவிலியரைக் காண வேண்டும். இந்தப் பணியே ஒரு நோயாளியால் தொடங்கியதுதான். இலியாஸ்டமி செய்துகொண்ட நார்மா கில் என்ற அமெரிக்கப் பெண்மணியை 1958இல் டர்ன்புல் தம் கிளீவ்லண்ட் மருத்துவமனையில் பிற நோயாளிகளுக்குக் கற்பிக்க அமர்த்தினார்; 1961இல் அங்கே அதற்கென்று பயிற்சிப் பள்ளியே தொடங்கியது. நம் நாட்டிலும் மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு இத்தகைய நோயாளிகளுக்கு உதவுகிறது.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலோ தெருவிலோ ஸ்டோமா உள்ள ஒருவர் இருக்கலாம். சட்டைக்கு அடியில் இருப்பதால் உங்களுக்குத் தெரிந்திராது. அவர் வகுப்பின் நடுவில் எழுந்து வெளியே போக அனுமதி கேட்டால் சிரிக்காதீர்கள். பை நிறையுமுன் காலி செய்யப் போகிறார். அதாவது, உரிக்கும் விசை வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்கிறார். அவருடன் விளையாடலாம், உண்ணலாம், நீந்தவும் செய்யலாம். உங்கள் வீட்டிலேயே யாருக்கேனும் இந்த நிலை வந்தால், அளவுகோலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அருகில் அமருங்கள். கசிவு ஒரு சாபமன்று. காரணம் உள்ள ஒரு நிகழ்ச்சி. காரணம் தெரிந்துவிட்டால் அதை மாற்றவும் நம்மால் முடியும்.